முதல் கேக்கின் நடுவில் குழி விழுந்தால் குப்பையில் போடாதீர்கள்

களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம், இந்தப் பக்கம் கன்னியாகுமரி மாவட்டத்துக் குழித்துறை, மார்த்தாண்டம். எந்தப் பக்கம் போனாலும் பேக்கரிக்குப் பஞ்சமில்லை, சாயாக்கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள்கூட கேக் துண்டுகள் அடுக்கியிருக்கும். அதனால்தானோ என்னவோ, மற்ற பலகாரம் எல்லாம் வீட்டிலேயே செய்கிறவர்கள்கூட எங்கள் பகுதியில் கேக்கை மட்டும் கடைப் பொருளாகவே நினைக்கிறார்கள். ஆசைப்பட்டு ஒரு ஓவன் வாங்குவார்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்து பார்ப்பார்கள், மேலே வெடித்திருக்கும், இல்லையென்றால் நடுவில் குழி விழுந்திருக்கும். "எனக்குக் கேக் வராது" என்று ஓவனைத் துணி போட்டு மூடி வைத்துவிடுவார்கள். அப்படி மூடி வைத்தவர்களுக்கும், இனிமேல்தான் தொடங்கப் போகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை யோசித்துப் பாருங்கள். கிறிஸ்துமஸுக்கு நம் வீடுகளில் முந்திரிக்கொத்து செய்கிறோம். சிறுபயறு வறுத்துப் பொடித்து, பாகில் உருட்டி, மூன்று மூன்றாக அரிசி மாவில் முக்கி எண்ணெயில் போடுகிறோம். ஒன்றில் மூன்று உருண்டையும் ஒட்டியிருக்கும், இன்னொன்றில் ஒன்று தனியே கழன்று ஓடும், ஒன்றில் மாவு வால் மாதிரி நீண்டு மொறுமொறுவென்று நிற்கும். அந்த வாலை ஒடித்துத் தின்னத்தான் பிள்ளைகள் அடுப்பங்கரையில் காத்து நிற்பார்கள். கோணலாக வந்துவிட்டது என்று யாராவது முந்திரிக்கொத்தைத் தூக்கிப் போட்டதுண்டா? கேக்குக்கு மட்டும் ஏன் வேறு சட்டம்? கடைக் கேக்கின் தட்டையான தலை பெரும்பாலும் கத்தியால் சீவி எடுத்தது, அதற்குமேல் கிரீம் பூசி மறைத்தது. அதை அளவாக வைத்துக்கொண்டு உங்கள் கேக்கைப் பார்த்தால் எதுவுமே சரியாகத் தெரியாது.

என் முதல் கேக் நடுவில் இரண்டு விரல் ஆழத்துக்குக் குழிந்துபோனது. குப்பையில் போடத்தான் எடுத்தேன். பக்கத்து வீட்டு மைனி அந்த நேரத்தில் வந்தவர், "எதுக்கு மக்களே களையப் போற, முதல்ல முறிச்சுப் பாரு" என்று சொல்லி அவரே கத்தியை வாங்கி நடுவாக வெட்டினார். வெட்டிய பக்கத்தை நான் அன்றுதான் உற்றுப் பார்த்தேன். ஓரத்தில் பஞ்சு மாதிரி சின்னச் சின்னக் கண்கள். நடுவுக்கு வர வர அந்தக் கண்கள் நெருங்கி, குழிக்கு நேர் கீழே அடியில் ஈரமாக, கருத்த அல்வா மாதிரி ஒரு பட்டை. ஓரம் வெந்திருக்கிறது, நடு வேகவில்லை. அவ்வளவுதான் விஷயம். இருபதாவது நிமிடத்தில் ஆவல் தாங்காமல் கதவைத் திறந்து பார்த்தேன், முப்பத்தெட்டாவது நிமிடத்தில் எடுத்துவிட்டேன். அந்தப் பட்டையை வெட்டித் தள்ளிவிட்டு ஓரத் துண்டுகளைக் கட்டன் சாயாவோடு எல்லாரும் தின்றார்கள். அன்றிலிருந்து எப்படி வந்தாலும் வெட்டிப் பார்க்காமல் எந்தக் கேக்கையும் நான் ஒதுக்குவதில்லை.

சரி, வேலைக்கு வருவோம்.

முதலில் ஒரே ஒரு கேக்கைத் தேர்ந்தெடுங்கள். இந்த வாரம் சாக்லேட், அடுத்த வாரம் ரெட் வெல்வெட், அதற்கடுத்த வாரம் வேறொன்று என்று தாவினால் எது எதனால் பிழைத்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. ஒரே கேக்கை ஐந்தாறு முறை செய்யுங்கள். நான் சொல்லப்போவது கருப்பட்டி வாழைப்பழக் கேக். நம் ஊருக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை, காரணமும் இருக்கிறது. வெளிநாட்டுச் செய்முறைகளில் வெண்ணெய் "அறை வெப்பநிலையில்" இருக்க வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். அவர்கள் அறை 20 டிகிரி. நம் அறை 30 டிகிரி, சித்திரை மாதத்தில் அதற்கும் மேல். வெண்ணெயையும் சர்க்கரையையும் அடித்துக் காற்றுச் சேர்க்க வேண்டுமென்றால் வெண்ணெய் விரல் அழுந்தும் மெழுகு பதத்தில் இருக்க வேண்டும், அது கிட்டத்தட்ட 18 முதல் 20 டிகிரியில்தான் நடக்கும். நம் மேசையில் வைத்த வெண்ணெய் ஒரு மணி நேரத்தில் பளபளவென்று இளகி வழியும், அதை எவ்வளவு அடித்தாலும் காற்று நிற்காது, கேக் அடை மாதிரி உட்கார்ந்துவிடும். எத்தனையோ பேர் இதைத் தங்கள் கைக்குறை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், குறை தட்பவெப்பத்தில். எண்ணெய் ஊற்றிச் செய்யும் கேக்கில் இந்தத் தொல்லையே கிடையாது.

சாமான்கள் அதிகம் வேண்டாம். 7 அங்குல வட்ட டின் ஒன்று, ஒரு பெரிய பாத்திரம், கம்பி அடிப்பான் ஒன்று. இங்கே கிடைக்காவிட்டால் திருவனந்தபுரத்தில் 'சாலை' என்ற கடைத்தெருவுக்கு ஒரு நடை போனால் டின், பேப்பர், எசென்ஸ் எல்லாம் ஒரே சுற்றில் வாங்கிவிடலாம். ஆனால் ஒரு பொருளில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள், கிராம் காட்டும் சின்னத் தராசு. ஒரு கப் மைதாவை மெல்ல அள்ளிப் போட்டால் 120 கிராம் வரும், அதே கப்பை மாவுக்குள் அழுத்தி வாரினால் 150 கிராம். அந்த 30 கிராமில் கேக் காய்ந்துபோகும். இன்னொன்று, ஓவனுக்குள் வைக்கும் தெர்மாமீட்டர். ஓடிஜி என்கிற சின்ன மின்சார ஓவனின் திருகில் 180 என்று வைத்தால் உள்ளே 180 இருக்கும் என்று எந்த உறுதியும் இல்லை. என்னுடையதில் 20 டிகிரி கூடுதலாகக் காட்டியது, அதற்கு முன்னால் மாதக்கணக்கில் மேலே கருகி உள்ளே வேகாமல் வந்ததற்கு எனக்குக் காரணமே தெரியாமல் இருந்தது.

ஓவன் இல்லாதவர்கள் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். அடிகனமான பழைய அலுமினியக் கலம் ஒன்றை எடுத்து, அடியில் ஒரு விரல் உயரத்துக்குக் கல்லுப்பு பரப்பி, மேலே ஒரு கம்பி ஸ்டாண்ட் வைத்து, நன்றாக மூடி, நடுத்தரத் தீயில் பத்து நிமிடம் சூடாக்குங்கள். பிறகு டின்னை உள்ளே வைத்து மூடி, தீயைச் சிறிதாக்கிவிடுங்கள். குக்கரிலும் செய்வார்கள், அப்படியானால் கேஸ்கட்டையும் வெயிட்டையும் கட்டாயம் கழற்றிவிட வேண்டும், உள்ளே தண்ணீர் கிடையாது. தினமும் சோறு வைக்கும் குக்கரை இதற்கு எடுக்காதீர்கள், வெறும் சூட்டில் வைத்து வைத்துப் பாத்திரம் கெட்டுப்போகும். இந்த முறையில் மேல்பகுதி ஓவனில் வருவது போலச் சிவக்காது, வெளிறித்தான் இருக்கும். ருசிக்கு ஒரு குறையும் இல்லை.

அளவு இது. மைதா 200 கிராம், விரும்பினால் அதில் 60 கிராமைக் கோதுமை மாவாக மாற்றிக்கொள்ளலாம். பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், பேக்கிங் சோடா அரை டீஸ்பூன், இரண்டும் தலை தட்டி. உப்பு கால் டீஸ்பூன். தோலுரித்த வாழைப்பழம் 200 கிராம், கருப்பட்டி 150 கிராம், தண்ணீர் 50 மில்லி, எண்ணெய் 80 மில்லி, முட்டை இரண்டு. வாசனைக்குச் சுக்குப்பொடி அரை டீஸ்பூன், இரண்டு கிராம்பு பொடித்தது. நம் மாவட்டத்து மலைக் கிராம்பு கிடைத்தால் ஒன்றே போதும், அதன் காரம் அப்படி.

பழம் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மட்டிப் பழம் என்றால் மணத்துக்கே கேக் செய்யலாம், சின்னப் பழம் என்பதால் ஐந்தாறு தேவைப்படும். பாளையங்கோட்டானும் நன்றாக வரும். ஏத்தன் பழம், அதாவது நேந்திரம் பழம், போடுவதாக இருந்தால் தோல் முழுக்கக் கறுத்து, தொட்டால் குழையும் வரை காத்திருங்கள், இல்லையென்றால் கேக்குக்குள் கட்டி கட்டியாக நிற்கும். யாரும் தொடாமல் கூடையில் கிடக்கும் கறுத்த பழம்தான் இதற்குச் சரியான பழம். பழுக்கப் பழுக்க அதிலுள்ள மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது, மணமும் கூடுகிறது.

செய்முறைக்கு வருகிறேன். கருப்பட்டியைத் தட்டித் தண்ணீரோடு சிறு தீயில் கரையுங்கள், கரைந்தால் போதும், பாகு பதத்துக்குப் போக வேண்டாம். கட்டாயம் வடிகட்டுங்கள், கருப்பட்டியில் மண்ணும் துரும்பும் இருக்கும். விரல் வைத்தால் சுடாத அளவுக்கு ஆறட்டும், சூட்டோடு முட்டையில் ஊற்றினால் முட்டை வெந்து திரிந்துவிடும். இது ஆறுகிற நேரத்தில் டின்னுக்கு எண்ணெய் தடவி அடியில் பேக்கிங் பேப்பர் வெட்டிப் போடுங்கள், ஓவனை 170 டிகிரியில் வைத்துச் சூடாக்கத் தொடங்குங்கள், பதினைந்து நிமிடமாவது ஆக வேண்டும். பழத்தை முள்கரண்டியால் மசியுங்கள். மிக்ஸியில் அடிக்காதீர்கள், பசை மாதிரி ஆகிவிடும், அங்கங்கே சின்னத் துணுக்கு இருப்பதுதான் நல்லது.

பெரிய பாத்திரத்தில் முட்டையும் எண்ணெயும் கலந்து நன்றாக அடியுங்கள். தேங்காய் எண்ணெய் ஊற்றுகிறீர்கள் என்றால் முட்டையை ஒரு மணி நேரம் முன்னாலேயே பிரிஜ்ஜிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள், தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரிக்குக் கீழே போனால் உறையும், குளிர்ந்த முட்டை பட்டதும் வெள்ளை வெள்ளையாகத் திரளும். அடுத்து கருப்பட்டிக் கரைசல், அப்புறம் பழம். மைதா, பேக்கிங் பவுடர், சோடா, உப்பு, பொடிகள் எல்லாவற்றையும் தனியே இரண்டு முறை சலித்து, ஈரக் கலவையில் மூன்று தவணையாகச் சேருங்கள்.

இந்த இடத்தில்தான் புதியவர்கள் தவறுகிறார்கள். மாவு சேர்ந்த பிறகு அடிக்கக் கூடாது. அகப்பையால் அடியிலிருந்து மேலே புரட்டிப் புரட்டி விடுங்கள், வெள்ளை மாவு கண்ணில் படாமல் மறைந்ததும் கையை நிறுத்துங்கள். கோதுமையில் உள்ள புரதம் தண்ணீரோடு சேர்ந்து அடி வாங்க வாங்கப் பசைத்தன்மை பெறுகிறது, பரோட்டா மாவுக்கு அது வேண்டும் என்பதற்காகத்தான் அந்த மாவைப் போட்டு அடிக்கிறார்கள். கேக்குக்கு அது ஆகாது. சின்னச் சின்னக் கட்டி இரண்டு மூன்று தெரிந்தாலும் விட்டுவிடுங்கள், வேகும்போது கரைந்துவிடும். கட்டியே இல்லாமல் வழவழவென்று ஆக்க வேண்டும் என்ற பிடிவாதத்தில்தான் கேக் ரப்பராகிறது. மாவின் பதம் இட்லி மாவைவிடக் கொஞ்சம் கெட்டியாக, அகப்பையைத் தூக்கினால் திரையாக விழ வேண்டும்.

கலந்த மாவைக் காத்திருக்க வைக்காதீர்கள். சோடா, கருப்பட்டியிலும் பழத்திலும் இருக்கும் புளிப்போடு சேர்ந்த உடனேயே வாயு வரத் தொடங்கிவிடும். டின்னில் ஊற்றி, ஒரு முறை மேசையில் தட்டி, ஓவனின் நடுத் தட்டில் வையுங்கள். 45 முதல் 55 நிமிடம். முதல் 35 நிமிடம் கதவைத் தொடவே வேண்டாம். அதுவரை உள்ளே நிற்பது வாயுவும் நீராவியும் தூக்கிப் பிடித்த ஈர மாவு, குளிர்காற்று பட்டால் சுருங்கி உட்கார்ந்துவிடும். வெந்ததா என்று பார்க்கத் தென்னை ஈர்க்கு ஒன்றைக் கழுவித் துடைத்து நடுவில் குத்துங்கள், ஈர மாவு ஒட்டாமல் ஒன்றிரண்டு துகளோடு வந்தால் எடுத்துவிடலாம். டின்னிலேயே பத்து நிமிடம் இருக்கட்டும், ஓரமாகக் கத்தி ஓட்டிக் கவிழ்த்துங்கள். முழுக்க ஆறாமல் வெட்டினால் உள்ளே பிசுபிசுப்பாகத் தெரியும், வேகவில்லையோ என்று பயந்துவிடுவீர்கள்.

பாதியில் கரண்ட் போனால்? நம் பக்கம் இரண்டு மழைக்காலம், காற்றடித்தால் தென்னை மட்டை கம்பியில் விழும், இது நடக்கத்தான் செய்யும். கதவைத் திறக்காதீர்கள். முப்பது நிமிடம் தாண்டியிருந்தால் உள்ளிருக்கும் சூட்டிலேயே கொஞ்சம் வேகும், கரண்ட் வந்ததும் மீதி நேரத்தோடு பத்து நிமிடம் கூட்டுங்கள். வைத்த கொஞ்ச நேரத்தில் போய், வருகிற மாதிரியும் தெரியவில்லை என்றால், உப்புப் பரப்பிய கலத்தைக் கேஸ் அடுப்பில் சூடாக்கி டின்னை அதற்குள் மாற்றிவிடுங்கள். கொஞ்சம் கனமான கேக்காக வரும், ஆனால் வரும்.

இனி வெளியே எடுத்த கேக்கைப் படிக்கக் கற்றுக்கொள்வோம்.

மேலே வெடித்திருந்தால் கவலையே வேண்டாம். மேல்பரப்பு முதலில் காய்ந்து கெட்டியாகிறது, உள்ளே மாவு இன்னும் எழும்பிக்கொண்டிருக்கிறது, அது வழி தேடி மேல்தோலைப் பிளந்துகொண்டு வருகிறது. வாழைப்பழக் கேக்கில் பிளவு வருவது இயல்பு, நீள டின்னில் செய்தால் ஏறக்குறைய எப்போதும் வரும். பிளவின் உள்ளே தெரியும் அந்த வெளிர் பழுப்பும் மேலே மொறுமொறுப்பான விளிம்பும் எனக்கு அவ்வளவு பிடிக்கும், முதல் துண்டை அங்கேதான் வெட்டுவேன். கூர்மையாகக் கோபுரம் மாதிரி எழுந்து, சுற்றிலும் கருத்திருந்தால் மட்டும் சூடு கூடுதல் என்று பொருள், அடுத்த முறை 10 டிகிரி குறையுங்கள்.

குழி விழுந்தால் வெட்டிப் பாருங்கள். அடியில் ஈரப் பட்டை இருந்தால் நேரம் போதவில்லை, அல்லது கதவைச் சீக்கிரம் திறந்திருக்கிறீர்கள். ஈரமே இல்லை, பெரிய பெரிய துளைகளோடு உதிர்கிறது என்றால் பவுடரோ சோடாவோ கூடிவிட்டது, வேகமாக எழும்பி, நிற்கப் பலமில்லாமல் விழுந்திருக்கிறது. எழும்பவே இல்லை, முழுக்கத் தட்டை என்றால் பேக்கிங் பவுடரைச் சந்தேகப்படுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் திறந்த டப்பா சீக்கிரம் வீரியம் இழக்கும். ஒரு டீஸ்பூன் எடுத்துச் சூடான தண்ணீரில் போட்டால் பொங்கி நுரைக்க வேண்டும். சோடாவுக்கு எலுமிச்சைச் சாறு விட்டுப் பார்க்கலாம். கேக்கில் சோப்பு வாடை அடித்தால் சோடா கூடுதல். அடி கருகி மேலே வெளுத்திருந்தால் தட்டை ஒரு படி மேலே ஏற்றுங்கள். டின்னில் ஒட்டி உடைந்தால் சூட்டோடு சூடாகச் சேர்த்து அழுத்தி வையுங்கள், ஆறியதும் பாதி ஒட்டிக்கொள்ளும். ஒட்டாத துண்டுகளைக் கிண்ணத்தில் போட்டுக் கெட்டித் தேங்காய்ப்பால் இரண்டு கரண்டி ஊற்றிக் கொடுத்துப் பாருங்கள், அதற்காகவே இன்னொரு முறை உடைக்கச் சொல்வார்கள்.

கையில் இருப்பதை வைத்துச் செய்வது ஒன்றும் தாழ்ந்த வேலை இல்லை. தலச்சேரியில் மம்பள்ளி பாபு 1880இல் பேக்கரி வைத்தார். முர்டாக் பிரவுன் என்ற தோட்ட முதலாளி 1883இல் இங்கிலாந்திலிருந்து வந்த கிறிஸ்துமஸ் கேக் ஒன்றைக் காட்டி, அதே மாதிரி செய்து தரச் சொன்னாராம். அவர் சேர்க்கச் சொன்ன பிராந்திக்குப் பதில் உள்ளூர்ச் சாராயத்தைச் சேர்த்துச் செய்து கொடுத்தார் பாபு என்று அந்தக் கதை சொல்லப்படுகிறது. கேரளத்துப் பிளம் கேக்கின் வரலாறு அங்கிருந்துதான் பேசப்படுகிறது. நமக்கும் பிரௌன் சுகருக்குப் பதில் கருப்பட்டி, அவ்வளவுதான்.

ஒரு நோட்டு வையுங்கள். ஒவ்வொரு முறையும் மூன்று வரி போதும்: ஓவன் சூடு, எடுத்த நேரம், வெட்டியபோது கண்டது. என் நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது: "170, 48 நிமிடம். இடப்பக்கம் உயரம் கூடுதல். மழை." இடப்பக்கம் மட்டும் எழும்பியதற்குக் காரணம் ஓவன் நின்ற மேசைச் சரிவு என்று மூன்றாவது முறை அதே வரியை எழுதியபோதுதான் பிடிபட்டது, ஒரு காலுக்கு அட்டை மடித்து வைத்ததும் சரியாகிவிட்டது. அடுத்த முறை ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றுங்கள். சூட்டையும் குறைத்து, சோடாவையும் குறைத்து, பழத்தையும் மாற்றினால் எது பலித்தது என்று தெரியாமல் போகும்.

இந்தக் கேக் செய்த அன்றைவிட மறுநாள்தான் ருசி. கருப்பட்டி வாசனை இரவு முழுக்க உள்ளே ஊறிப் பரவியிருக்கும், மேல்தோலும் மெத்தென்று ஆகியிருக்கும். நன்றாக ஆறிய பிறகே டப்பாவில் வையுங்கள், சூட்டோடு மூடினால் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். நம் ஈரக்காற்றில் வெளியே இரண்டு நாளுக்கு மேல் வைக்க வேண்டாம், பிரிஜ்ஜில் ஐந்து நாள் தாங்கும். பிரிஜ்ஜிலிருந்து எடுத்த துண்டைத் தோசைக்கல்லில் துளி நெய் விட்டு இரண்டு பக்கமும் லேசாகச் சிவக்க வாட்டித் தின்னுங்கள்.